சமவெளிச் சிற்றூர் ஒன்றைப் படிப்பது எப்படி? கான்சாஸ் லெபனானை வைத்து ஒரு புவியியல் வாத்தியாரின் குறிப்பு

முதல் முறை லெபனானுக்குப் போனபோது ஊரைத் தாண்டிப் போய்விட்டோம். இது மத்தியதரைக் கடலோரத்து லெபனான் இல்லை. அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் வட எல்லையை ஒட்டிய ஸ்மித் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கும் சிற்றூர். 2020 கணக்கெடுப்பில் 178 பேர். மகள் வண்டி ஓட்ட, நான் மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு "இன்னும் வரணும், இன்னும் வரணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, அது வந்துட்டுப் போயே போச்சு" என்றாள்.

பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் எடுத்தவன் நான். பிரெய்ரி சமவெளி என்று ஒரு பாடம் வரும். கோதுமை, பெரிய பண்ணைகள், குறைந்த மக்கள் அடர்த்தி என்று கரும்பலகையில் மூன்று வரி எழுதிப் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்து தங்கும் மாதங்களில்தான் அந்த மூன்று வரியைத் திறந்து பார்க்க நேரம் கிடைத்தது. இங்கே வரும் நம்மவர்கள் பலரும் "எட்டு மணி நேரம் ஓட்டினோம், ஒண்ணுமே இல்லை" என்று சொல்லிவிட்டு மலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். இருக்கிறது. பார்க்கும் முறை தெரிந்தால் ஒரு சனிக்கிழமையில் இப்படி ஒரு ஊரைப் படித்து முடித்துவிடலாம்.

படிக்கத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஊர்களின் மக்கள்தொகைக் கணக்கு ஊருக்குள் இல்லை, சுற்றியிருக்கும் வயல்களில் இருக்கிறது. நான் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வருடம் வீணடித்தேன். எண்களை முதலில் எடுத்தேன். ஏன் குறைகிறது என்று ஊருக்குள்ளேயே காரணம் தேடினேன். நிலத்தில் தொடங்கியிருந்தால் விடை முதல் வாரமே கிடைத்திருக்கும்.

தட்டை இல்லை, சாய்வு

இங்கே யாரைக் கேட்டாலும் தட்டையான பூமி என்பார்கள். நம்பாதீர்கள். கான்சாஸின் மிகத் தாழ்ந்த இடம் தென்கிழக்கில் வெர்டிகிரிஸ் ஆறு மாநிலத்தை விட்டு வெளியேறும் இடம், சுமார் 679 அடி. மிக உயர்ந்த இடம் மேற்கில் கொலராடோ எல்லையை ஒட்டிய மவுண்ட் சன்ஃபிளவர், 4,039 அடி. பெயரில்தான் மவுண்ட், நேரில் நின்றால் அது ஒரு மேய்ச்சல் நிலம். இரண்டுக்கும் 3,360 அடி வித்தியாசம். மாநிலத்தின் நீளம் ஏறத்தாழ 400 மைல். வகுத்துப் பாருங்கள், மைலுக்கு எட்டு அடிபோல நிலம் மேற்கே ஏறிக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஆறுகளுக்குத் தெரியும். எல்லாம் கிழக்கே போகின்றன.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஊர் இந்தச் சாய்வில் எங்கே நிற்கிறது என்று குறிப்பது. அமெரிக்க நில அளவைத் துறையின் 1:24,000 அளவுத் தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சமவெளித் தாள்களில் சமஉயரக் கோடுகள் பெரும்பாலும் பத்தடிக்கு ஒன்று இருக்கும். பத்தடி என்பது இங்கே பெரிய விஷயம். ஒரு கோட்டை விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள், ஓடைகள் எங்கே அரித்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். லெபனான் ஏறத்தாழ 1,800 அடியில் இருக்கிறது. சாய்வின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே. கவுண்டியின் முக்கிய ஆறு சாலமன் ஆற்றின் வட கிளை. அது சாலமனில் சேர்ந்து, ஸ்மோக்கி ஹில் ஆற்றில் கலந்து, கான்சாஸ் ஆறாகி, மிசூரியில் விழுந்து, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. உங்கள் ஊரின் மழைநீர் எந்தக் கடலுக்குப் போகிறது என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். புவியியல் பகுதிக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது.

அடுத்தது தீர்க்கரேகை. 100 டிகிரி மேற்கு என்ற கோட்டுக்கு ஊர் எந்தப் பக்கம்? நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878இல் அமெரிக்க அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இந்தக் கோட்டை ஒட்டித்தான் ஈரப் பூமிக்கும் வறண்ட பூமிக்கும் எல்லை போட்டார். ஆண்டுக்கு 20 அங்குல மழை என்பது அளவுகோல். அதற்குக் கீழே பாசனம் இல்லாமல் பயிர் வைப்பது சூதாட்டம் என்பது அவர் வாதம். நெப்ராஸ்காவில் கோசாட் என்ற ஊரில் இந்தக் கோடு போகும் இடத்தில் பலகையே வைத்திருக்கிறார்கள். லெபனான் 98½ டிகிரியில் இருக்கிறது. கோட்டுக்குக் கிழக்கே, ஆனால் நிம்மதியாகத் தூங்கும் அளவுக்குக் கிழக்கே இல்லை. அதனால்தான் இங்கே குளிர்காலக் கோதுமையும் சோளமும் அதிகம். ஆமாம், நம் சோளம்தான், ஆட்கள் 'மைலோ' என்கிறார்கள். அமெரிக்காவிலேயே அதிகம் சோளம் விளைவது கான்சாஸில் என்பதை முப்பது வருடம் நான் வகுப்பில் சொல்லவில்லை.

வெப்பநிலைக்குச் சராசரியை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கண்டத்தின் நடுவில் இருக்கும் ஊருக்கு எல்லைகள்தான் குணம். கான்சாஸ் மாநிலத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இந்த லெபனானில்தான் வந்தது: 1905 பிப்ரவரி 13, மைனஸ் 40 டிகிரி ஃபாரன்ஹீட். (மைனஸ் 40 மட்டும் ஃபாரன்ஹீட்டிலும் செல்சியஸிலும் ஒன்றுதான். மாணவர்களுக்கு இது பிடித்த கேள்வி.) மாநிலத்தின் மிக அதிக வெப்பநிலை 121 டிகிரி. அதில் ஒரு பதிவு 1936 ஜூலை 24இல், பக்கத்துக் கவுண்டியான ஆஸ்போர்னில் இருக்கும் ஆல்டனில். இரண்டு அளவுக்கும் நடுவே 161 டிகிரி. இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட ஆகாது. கடல் பக்கத்தில் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம்.

சதுரங்களை எண்ணுங்கள்

இப்போது வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திறங்கள். சதுரம் சதுரமாக இருக்கும். இது இயற்கை இல்லை, 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டம். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு சதுர மைல் அளவில் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதை நான்காக்கினால் 160 ஏக்கர், அதைக் குவார்ட்டர் என்கிறார்கள். முதல் முறை ஒரு விவசாயி "எனக்கு ஏழு குவார்ட்டர் இருக்கு" என்றபோது நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்குப் புரியவில்லை, விளக்கவும் முடியவில்லை.

செக்‌ஷன்களுக்கு எண் போடும் முறை அழகானது. வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி, மேற்கே 6 வரை போய், கீழே இறங்கி 7 தொடங்கி கிழக்கே திரும்பும். ஏர் உழுகிற மாடு சால் முடிந்ததும் திரும்புவதைப் போலவே. 36 தென்கிழக்கு மூலையில் முடியும். பழைய நிலப் பத்திரத்தில் 'டவுன்ஷிப் 3 தெற்கு, ரேஞ்ச் 11 மேற்கு' என்று இருந்தால் பயப்படாதீர்கள். கான்சாஸிலும் நெப்ராஸ்காவிலும் வடக்கு தெற்காக அளக்கத் தொடங்கும் கோடு 40ஆம் அட்சரேகை, அதாவது இரண்டு மாநிலங்களுக்கும் இடையே உள்ள எல்லையே. டவுன்ஷிப் 3 தெற்கு என்றால் அந்த எல்லையிலிருந்து 12 முதல் 18 மைல் தெற்கே. ரேஞ்ச் 11 மேற்கு என்றால் ஆறாவது முதன்மைத் தீர்க்கரேகையிலிருந்து, அதாவது கிழக்கு மேற்காக அளக்கத் தொடங்கும் கோட்டிலிருந்து, 60 முதல் 66 மைல் மேற்கே. வண்டி மீட்டரை வைத்தே சரிபார்க்கலாம், ஏனென்றால் மண் சாலைகள் மைலுக்கு ஒன்றாகச் செக்‌ஷன் ஓரத்தில்தான் போகின்றன. நேராகப் போகும் சாலை திடீரென்று கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கித் திரும்ப நேராகும் இடங்கள் வரும். ஓட்டுநருக்கு எரிச்சல், நமக்கு விருந்து. தீர்க்கரேகைகள் வடக்கே போகப் போக நெருங்குவதால், சதுரம் சதுரமாகவே இருக்க அளவையாளர்கள் செய்த திருத்தம் அது. பூமி உருண்டை என்பதைக் கார் ஸ்டீயரிங்கில் உணரும் இடம்.

சரி, இதற்கும் மக்கள்தொகைக்கும் என்ன சம்பந்தம்? இதுதான் இந்தக் குறிப்பின் நடுப்பகுதி, கையில் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் எடுத்து, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் அவருடையது. ஒரு டவுன்ஷிப்பில் 36 செக்‌ஷன், செக்‌ஷனுக்கு நான்கு குவார்ட்டர், ஆக 144 குடும்பங்கள். பள்ளிக்கு ஒதுக்கிய செக்‌ஷன்கள், ரயில் கம்பெனிக்குப் போன நிலம் என்று நிஜத்தில் கழிவுகள் உண்டு. இருந்தாலும் கணக்குக்கு 144 என்றே வையுங்கள். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் 720 பேர்.

இன்று கான்சாஸில் சராசரிப் பண்ணை 800 ஏக்கரை ஒட்டி இருக்கிறது. அதே டவுன்ஷிப், 23,040 ஏக்கர். 800ஆல் வகுத்தால் 29 பண்ணைகள்கூட முழுதாக இல்லை. வீட்டுக்கு இரண்டு, இரண்டரைப் பேர். எழுபது பேர் வந்தால் அதிகம்.

720 எங்கே, 70 எங்கே. நிலம் ஒரு ஏக்கர்கூடக் குறையவில்லை. விளைச்சல் கூடியிருக்கிறது. ஆட்கள் மட்டும் பத்தில் ஒன்றாகிவிட்டார்கள், ஏனென்றால் குதிரை போய் டிராக்டர் வந்தது, டிராக்டர் பெரிதாகிக்கொண்டே போனது. அந்த 720 பேருக்காகக் கட்டிய ஊர் இன்று 70 பேரை நம்பி நிற்கிறது. ஸ்மித் கவுண்டியில் 1900இல் 16,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 2020இல் 3,570. ஊரில் என்ன தவறு நடந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். ஊரில் எதுவும் தவறாக நடக்கவில்லை.

நீங்கள் எந்தச் சமவெளி ஊரை எடுத்தாலும் இந்த ஒரு கணக்கை அந்தக் கவுண்டியின் எண்களை வைத்துப் போடுங்கள். பண்ணை அளவு தேசிய வேளாண்மைக் கணக்கெடுப்பில் கவுண்டிவாரியாக இருக்கிறது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும். பாசனம் உள்ள மேற்குப் பகுதியில் கணக்கு வேறு மாதிரி வரும். அங்கே ஓகலாலா நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. எட்டு மாநிலங்களுக்கு அடியில் 1,74,000 சதுர மைல். படத்தில் சதுரத்துக்குள் வட்டம் வட்டமாகப் பச்சை தெரிந்தால் அது நடுவில் ஊன்றிச் சுற்றும் பாசனக் குழாய். குவார்ட்டரின் நான்கு மூலைகளும் நனையாமல் போவதால் 160 ஏக்கரில் 125, 130 ஏக்கர்தான் வட்டத்துக்குள் வரும்.

தண்டவாளம்

ஊர் ஏன் சரியாக இந்த இடத்தில்? ஆறு, ஊற்று, கோட்டை என்று தேடாதீர்கள். பெரும்பாலும் விடை ரயில். விவசாயி குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வந்து இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே ஆறு முதல் பத்து மைலுக்கு ஒரு நிறுத்தம். ரயில் கம்பெனிகள் ஊர்களை எவ்வளவு அலட்சியமாக விதைத்தன என்பதற்கு நெப்ராஸ்காவின் பர்லிங்டன் பாதையைப் பாருங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லாண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல். ஆங்கில அகரவரிசைப்படி பெயர் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். வருகைப் பதிவேடு மாதிரி.

தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தாலும் தடம் இருக்கும். ஊரின் தெருக்கள் திசைகாட்டிக்கு நேராக இருக்கின்றனவா, இல்லை கொஞ்சம் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் அது தண்டவாளத்துக்கு இணையாகப் போட்ட தெரு. மற்றொரு தடம் எலிவேட்டர். ஊரில் எலிவேட்டர்தான் உயரமான கட்டடம் என்று யாரோ சொன்னபோது நான் லிஃப்ட் என்று நினைத்து விழித்தேன். இங்கே எலிவேட்டர் என்றால் தானியக் கிடங்கு, வெள்ளை நிறக் கான்கிரீட் உருளைகள், பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பாலிருந்தே தெரியும். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில் போனால் கோதுமை லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் அது தூங்கும்.

ரயில் வராமல் போன ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு நிக்கோடிமஸ் இருக்கிறது, இதே வட கான்சாஸில், கிரகாம் கவுண்டியில். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் 1877இல் அமைத்த ஊர். 1888இல் ரயில் அதைத் தொடாமல் போனது, கடைகளும் தண்டவாளம் இருந்த பக்கம் பெயர்ந்து போயின. இன்று அது தேசிய வரலாற்றுத் தலம். ஊர் தொடங்கிய ஆண்டு என்று 1870களை எழுதும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அதற்கு முன்னால் இங்கே வெறும் புல் மட்டும் இருந்ததாக எழுதிவிடக் கூடாது. ஸ்மித்துக்கு இரண்டு கவுண்டி கிழக்கே, ரிபப்ளிக் கவுண்டியில், பானி என்ற பூர்வகுடி மக்களின் மண்வீட்டுக் கிராமம் ஒன்றின் தரையை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். முதல் வரி அவர்களுடையது.

இப்போதுதான் எண்கள்

அமெரிக்கக் கணக்கெடுப்பு 1790இலிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை. இப்போது ஏப்ரல் 1 கணக்கு நாள். இணையத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் எண் வந்துவிடும். வந்த எண் எதன் எண் என்று பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

கான்சாஸில் சட்டப்படி அமைந்த எந்த ஊரும் 'சிட்டி'தான், பத்துப் பேர் இருந்தாலும். அதனால் லெபனானும் சிட்டி. கணக்கெடுப்புத் துறையின் அகராதியில் நகர்ப்புறம் என்றால் 2020 முதல் குறைந்தது 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் (முன்பு 2,500 பேர்). ஆகவே லெபனான் சட்டப்படி சிட்டி, கணக்குப்படி நாட்டுப்புறம். இரண்டையும் எழுதலாம், முரண் இல்லை.

178 என்பது ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள். ஆனால் அஞ்சல் முகவரியில் லெபனான் என்று போடுபவர்கள் சுற்றுப் பண்ணைகளிலும் இருக்கிறார்கள். நீங்கள் ஊரில் யாரையாவது கேட்டால் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். அஞ்சல் எண் வாரியான எண், டவுன்ஷிப் எண், ஊர் எண் மூன்றும் தனித்தனி. நான் ஒருமுறை அஞ்சல் எண் மக்கள்தொகையை ஊர்ப் பரப்பால் வகுத்து அடர்த்தி கண்டுபிடித்து நோட்டில் எழுதிவைத்திருந்தேன். சமவெளியில் ஒரு சென்னை உருவாகியிருந்தது.

ஒரே எண்ணை எழுதாமல் இரண்டு கணக்கெடுப்பை அருகருகே வையுங்கள். லெபனானில் 2010இல் 218, 2020இல் 178. 40 பேர் குறைவு, சதவீதத்தில் 18. ஸ்மித் கவுண்டி 3,853இலிருந்து 3,570, சதவீதத்தில் 7. கவுண்டியைவிட ஊர் வேகமாகக் குறைகிறது. ஏன்? கவுண்டியின் தலைமையூர் ஸ்மித் சென்டர். நீதிமன்றமும் கவுண்டி அலுவலகங்களும் அங்கே, கவுண்டியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பேரும் அங்கேதான். பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாத முதியவர் பண்ணையை விட்டால் லெபனானுக்கு வருவதில்லை, நேராகத் தலைமையூருக்குப் போகிறார். சிற்றூர்களுக்குள்ளேயே ஒரு படிநிலை இருக்கிறது, கடைசிப் படியில் நிற்பவை முதலில் கரைகின்றன. அதே சமயம் 40 பேர் என்பது பத்துப் பதினைந்து வீடு. சிறிய ஊரில் சதவீதத்தை மட்டும் எழுதினால் பூகம்பம் வந்த மாதிரி இருக்கும். ஆள் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

அடர்த்தியைக் கவுண்டி அளவில் பாருங்கள். ஸ்மித் கவுண்டி ஏறத்தாழ 30 மைலுக்கு 30 மைல். 3,570 பேரை 900 சதுர மைலுக்குப் பகிர்ந்தால் சதுர மைலுக்கு நான்கு பேர். ஆறுக்குக் கீழே இருந்தால் 'ஃபிரான்டியர்' கவுண்டி என்று சொல்வது இங்கே வழக்கம். 1890 கணக்கெடுப்புக்குப் பிறகு குடியேற்ற எல்லைக் கோடு (அதற்கும் 'ஃபிரான்டியர்' என்றுதான் பெயர்) மறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள், அப்போது அளவுகோல் சதுர மைலுக்கு இரண்டு பேர். கோடு மறைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு சொல் திரும்ப வந்திருக்கிறது.

இனி வயது, வருமானம், குடும்ப அளவு. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். பத்தாண்டுக் கணக்கெடுப்பு தவிர, அமெரிக்க சமூகக் கணக்கெடுப்பு என்று தொடர்ச்சியாக ஒன்று நடக்கிறது. அது மாதிரி எடுத்துச் செய்வது. 65,000 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு ஐந்து வருடத் தொகுப்பாகத்தான் வரும். 178 பேர் ஊரில் எத்தனை வீட்டைக் கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். நான் ஒரு சிற்றூரின் இடைநிலை வயது (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ்) அடுத்தடுத்த அறிக்கையில் சட்டென்று குறைந்ததைப் பார்த்து, இளைஞர்கள் திரும்புகிறார்கள் என்று மகளிடம் அரை மணி நேரம் விளக்கினேன். அவள் புள்ளியியல் படித்தவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பிழை வரம்பைச் சுட்டிக் காட்டினாள். வரம்பு நான் சொன்ன மாற்றத்தைவிடப் பெரிது. அப்புறம் நான் அந்த நெடுவரிசையை மறைத்து வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பத்தாண்டுக் கணக்கும் தங்கக் கட்டி இல்லை. தனிமனித ரகசியம் காக்க 2020இல் சிறிய இடங்களின் எண்களைக் கணித முறையில் லேசாகக் கலைத்துத்தான் வெளியிட்டார்கள். மாநில மொத்தம் சரியாக இருக்கும், சின்ன ஊர் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கும். நெப்ராஸ்காவின் மோனோவி ஊரில் 2010இல் ஒருவர். 2020 அறிக்கையில் இரண்டு பேர். அங்கே இருந்தது அதே ஒரு மூதாட்டிதான், தன்னோடு இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று அவரே கேட்டார்.

முதியோர் இல்லம், சிறை, விடுதி இருந்தால் அங்கே தங்கியிருப்பவர்களும் அந்த ஊர்க் கணக்கில் வருவார்கள். 'குழுக் குடியிருப்பு' என்று தனியாக ஒரு வரி இருக்கும், பார்த்துவிடுங்கள். அதேபோல் எல்லாச் சமவெளி ஊரும் குறைகிறது என்று எழுதிவிடாதீர்கள். தென்மேற்குக் கான்சாஸில் டாட்ஜ் சிட்டி, கார்டன் சிட்டி, லிபரல் ஆகிய ஊர்களில் மாட்டிறைச்சி ஆலைகள் இருக்கின்றன. அங்கே மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும், வியட்நாம், சோமாலியா போன்ற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் குடியிருக்கிறார்கள், பள்ளிகள் நிரம்பி இருக்கின்றன.

பழைய காலத்துக்குப் போக வேண்டுமா? தனி நபர் விவரத் தாள்கள் 72 வருடம் கழித்துத்தான் திறக்கும். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வந்தன. 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் எரிந்தும் சேதமாகியும், பிறகு ஏறக்குறைய முழுதும் இல்லாமல் போய்விட்டன. சமவெளி ஊர்கள் நிரம்பி வழிந்த பத்தாண்டு அதுதான், அதுவே போனது. கான்சாஸுக்கு மட்டும் ஒரு மாற்று உண்டு: மாநிலமே தனியாக 1865இலிருந்து 1925 வரை ஐந்தில் முடியும் ஆண்டுகளில் கணக்கெடுத்திருக்கிறது. 1885, 1895 இரண்டையும் வைத்து அந்த ஓட்டையை அடைக்கலாம்.

நேரில் போகும்போது

கல்லறைத் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள், பகலில், சத்தமில்லாமல். குடும்பப் பெயர்கள் யார் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லும். லின்ட்ஸ்பர்க் பக்கம் ஸ்வீடிஷ் பெயர்கள், வில்சன் பக்கம் செக், எல்லிஸ் கவுண்டியில் வோல்கா ஆற்றங்கரையிலிருந்து 1876இல் வந்த ஜெர்மானியர்கள். பிறந்த ஆண்டுகளை ஐம்பது கல்லில் குறித்துக்கொண்டு வந்தால் வீட்டில் உட்கார்ந்து ஒரு வயதுப் பட்டியல் போடலாம். 1880, 90களின் சிறு குழந்தைக் கற்களை எண்ணும்போது எனக்குப் பேனா நின்றுவிட்டது.

பள்ளியின் பெயரைப் பாருங்கள். இரண்டு மூன்று ஊர்ப் பெயர் சேர்ந்திருந்தால் அல்லது ஊர்ப் பெயரே இல்லாமல் இருந்தால் இணைப்பு நடந்திருக்கிறது. கான்சாஸில் 1963ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி மாவட்டங்களைப் பெரிய அளவில் இணைத்தது. பூட்டிய பள்ளிக் கட்டடத்தின் நெற்றியில் கட்டிய ஆண்டு இருக்கும், அந்த ஊர் தன் எதிர்காலத்தை எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தது என்பதற்கு அதுவே அளவு. வயலோரத்தில் வரிசையாக மரங்கள் தெரிந்தால் அவை 1930களின் புழுதிப் புயலுக்குப் பிறகு வைத்த காற்றுத் தடுப்பாக இருக்கலாம். வடக்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை 1942க்குள் 20 கோடி மரங்களுக்கு மேல் நட்டார்கள்.

லெபனானுக்கே போனால், ஊருக்கு வடமேற்கே 191ஆம் எண் மாநிலச் சாலை முடியும் இடத்தில் ஒரு கல் தூண் இருக்கிறது. ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களின் புவியியல் மையம். 1918இல் நாட்டின் உருவத்தை அட்டையில் வெட்டி, சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்த முறை. வகுப்பில் தமிழ்நாட்டை அட்டையில் வெட்டி நானும் செய்து காட்டியிருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் வேறு இடத்தில் விழும். தூண் சரியான புள்ளியில் இல்லை, அரை மைல்போலத் தள்ளி இருக்கிறது. அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்த 1959க்குப் பிறகு முழு நாட்டின் மையம் தெற்கு டகோட்டாவுக்குப் போய்விட்டது. எழுதும்போது 'ஒட்டியிருக்கும் 48' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.

எழுதும்போது நீளம் வேண்டாம். என் நோட்டில் லெபனானுக்கு இருப்பது இவ்வளவுதான்:

'லெபனான், ஸ்மித் கவுண்டி, கான்சாஸ். நெப்ராஸ்கா எல்லைக்குப் பதின்மூன்று மைல்போலத் தெற்கே, ஏறத்தாழ 1,800 அடி உயரம். கவுண்டியின் முக்கிய ஆறு சாலமனின் வட கிளை. 100 டிகிரிக் கோட்டுக்குச் சற்றுக் கிழக்கே, கோதுமை, சோளம். மாநிலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை இங்கே, 1905. மக்கள் 178 (2020), 218 (2010). கவுண்டி 3,570, 1900இல் 16,000க்கு மேல். சதுர மைலுக்கு நான்கு பேர். 160 ஏக்கருக்கு ஒரு வீடு என்று போட்ட கணக்கில் உருவான ஊர். இன்று சராசரிப் பண்ணை 800 ஏக்கர். கண்டது: எலிவேட்டர், தண்ணீர்த் தொட்டி, அஞ்சலகம், கல் தூண். மறுபடி போக வேண்டும், அறுவடையில்.'